சமஸ்கிருத இலக்கியத்தில் நெற்றி அணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவியம் படிக்க வருகிறவர்களும், நாட்டிய நாடகங்களுக்கு ஒப்பனை செய்கிறவர்களும், தோத்திரங்களைப் பொருள் தெரிந்து சொல்ல விரும்புகிறவர்களும் நெற்றி அணிகளைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பிறகும் வருகின்றன.

நெற்றிச்சுட்டிக்கு சமஸ்கிருதத்தில் என்ன பெயர்?

லலாடிகா என்பதே மிக நெருங்கிய பெயர். லலாடம் என்றால் நெற்றி. அலிகம், கோதி என்பவையும் அதே உறுப்பின் பெயர்கள். அமரசிம்மர் இயற்றிய சமஸ்கிருத நிகண்டாகிய அமரகோசத்தின் இரண்டாம் காண்டத்தில், மனிதரைப் பற்றிய மனுஷ்ய வர்க்கத்தில், அணிகலன்களின் பட்டியல் வருகிறது. அமரசிம்மர் தலை உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குகிறார்: மகுடம், கிரீடம், பிறகு சூடாமணி, சிரோரத்னம், பிறகு கூந்தலைச் சேர்ந்த வாலபாச்யா, பாரிதத்யா, பிறகு நெற்றியைச் சேர்ந்த பத்ரபாச்யா, லலாடிகா, அதன்பின் காதுக்குரிய கர்ணிகா, தாளபத்ரம், குண்டலம். ஆரத்தின் நடுமணியாகிய தரளம் மட்டும் செய்யுளின் வசதிக்காகச் சூடாமணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பத்ரபாச்யா, லலாடிகா இரண்டையும் உரைகாரர்கள் பொன் முதலியவற்றால் செய்து நெற்றியில் அணியும் அணி என்று விளக்குகிறார்கள். பத்ரம் என்றால் இலை, தகடு. ஆகவே அமரசிம்மர் சொல்லும் பொருளை நெற்றியை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய தகடாகக் கொள்வது பொருத்தம். இன்று நாம் நெற்றிச்சுட்டி என்று சொல்லும், நடுவில் பதக்கமும் வகிட்டின் மேல் ஒரு சரமும் இரு பக்கங்களிலும் சரங்களும் உடைய முழு அமைப்பை அந்த ஒரு சொல்லில் தேட வேண்டாம்.

திலகம் என்பது பொட்டா, நகையா?

பெரும்பாலும் பொட்டு. அமரகோசம் தமாலபத்ரம், திலகம், சித்ரகம், விசேஷகம் என்ற நான்கையும் ஒரே பொருளின் பெயர்களாகத் தருகிறது. அவை இடம்பெறுவது நகைகளின் பட்டியலில் அல்ல; பூச்சுகளும் நறுமணப் பொருள்களும் வரும் பகுதியில். உடனே அடுத்து வருவது குங்குமம். ஆகவே அமரசிம்மரின் கணக்கில் லலாடிகா அணிந்து கழற்றுவது, திலகம் இட்டு அழிவது.

ஆனால் இந்தக் கோட்டைக் கவிகள் மதிப்பதில்லை. நாட்டிய சாஸ்திரத்தில் ஆஹார்ய அபிநயத்தை, அதாவது உடையாலும் ஒப்பனையாலும் வெளிப்படுத்துவதைப் பேசும் அத்தியாயம் பெண்களின் தலை அணிகளை அடுக்கும்போது, பல்வகைக் கைத்திறனால் ஆன லலாட திலகம் என்று ஒன்றைச் சொல்கிறது. அங்கே அது தெளிவாகவே நகை. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் கல் பதித்த ஒரு தொங்கலையும் திலகம் என்ற பெயரோடுதான் சேர்த்துச் சொல்கிறார் (அதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது). போதாக்குறைக்கு, திலகம் என்ற பெயரில் வசந்தத்தில் பூக்கும் ஒரு மரமும் உண்டு. உடம்பில் உள்ள மச்சத்துக்கும் அதே பெயர். எனவே 'திலகம்' என்று கண்டவுடன் எதையும் முடிவு செய்யாமல், அந்த வரியின் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். எழுதினாள், இட்டாள் என்றால் ஒன்று; கட்டினாள், ஒளிர்ந்தது, அசைந்தது என்றால் இன்னொன்று.

லலாடிகா நகை என்கிறீர்கள். குமாரசம்பவத்தில் அது சந்தனமாக வருகிறதே?

சரியான கேள்வி. காளிதாசனின் குமாரசம்பவத்தின் ஐந்தாம் சர்க்கத்தில் பார்வதி தவம் செய்கிறாள். பிரம்மசாரி வேடத்தில் வந்த சிவனிடம் அவளுடைய தோழி பேசுகிறாள். தன் தலைவி காதலுற்ற நாள்முதல் தந்தையின் வீட்டில் பனிப்பாறைகளின் மேல் படுத்தும் ஆறுதல் அடையவில்லை என்று சொல்லும் அந்தப் பாட்டில், பார்வதிக்கு 'லலாடிகா சந்தன தூஸராலகா' என்று ஓர் அடைமொழி வருகிறது. நெற்றியில் இட்ட சந்தனம் உலர்ந்து உதிர்ந்து முன்நெற்றிக் குழல்களை வெளுக்க வைத்திருக்கிறது என்பது அதன் பொருள். வெப்பம் தணியச் சந்தனம் பூசினார்கள், அந்த வெப்பத்தில் அதுவும் பொடியாயிற்று என்ற குறிப்பும் அதற்குள் இருக்கிறது. நகை என்று கொண்டால் இந்தப் படமே கலைந்துவிடும்.

காளிதாசனுக்கு உரை எழுதிய மல்லிநாதர் இங்கே லலாடிகா என்பதற்குத் திலகம் என்றே பொருள் எழுதி, பாணினியின் விதியையும் எடுத்துக்காட்டுகிறார். 'அலங்காரம்' என்ற சொல்லுக்குள் நகையும் அடங்கும், பூச்சும் அடங்கும், பூவும் அடங்கும். தட்டான் செய்தது ஒரு வகை, தோழி இட்டது இன்னொரு வகை என்ற பிரிவு நமக்கு இருக்கிற அளவுக்கு அவர்களுக்கு இல்லை. இந்தப் பக்கத்தில் உள்ள குழப்பங்களில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்திலிருந்தே பிறக்கிறது.

பாணினி இலக்கணம் எழுதியவர். அவருக்கும் நகைக்கும் என்ன சம்பந்தம்?

நான்காம் அத்தியாயம், மூன்றாம் பாதம், 65ஆம் சூத்திரம்: 'கர்ண லலாடாத் கன் அலங்காரே'. உடலுறுப்பில் இருப்பது என்ற பொருளில் அந்த உறுப்பின் பெயரோடு 'ய' விகுதி சேர்வது பொது விதி. பல்லில் பிறப்பது தந்த்யம், உதட்டில் பிறப்பது ஓஷ்ட்யம். அந்த விதிப்படி நெற்றியில் இருப்பது லலாட்யம், காதில் இருப்பது கர்ண்யம். ஆனால் அங்கே இருப்பது அலங்காரம் என்றால் மட்டும் விகுதி மாறி லலாடிகா, கர்ணிகா என்று ஆகும். நெற்றியில் இருக்கும் தழும்பு லலாட்யம்; நெற்றியில் இருக்கும் அணி லலாடிகா.

கழுத்தணிக்குப் பாணினி வேறோர் இடத்தில் தனி விதி வைத்திருக்கிறார். இந்தச் சூத்திரம் காதுக்கும் நெற்றிக்கும் மட்டும் உரியது. இந்த இரண்டு இடங்களுக்கும் அணிகள் இருந்தன, அவற்றுக்கு மக்கள் வாயில் நிலைத்த பெயர்களும் இருந்தன என்பதற்குக் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே எழுந்த சான்று இது. காவியக் கவியின் வர்ணனையைக் கற்பனை என்று ஒதுக்கலாம். இலக்கணக்காரனுக்கு அந்த ஆசை கிடையாது.

சீதை அனுமனிடம் கொடுத்த சூடாமணி நெற்றியில் அணிவதா?

இல்லை. சூடா என்பது உச்சிக் குடுமி, உச்சி முடி; சூடாமணி அங்கே அணியும் மணி. வால்மீகி ராமாயணத்தின் சுந்தர காண்டத்தில் சீதை அதைத் தன் ஆடையில் முடிந்து வைத்திருந்த இடத்திலிருந்து அவிழ்த்துக் கொடுக்கிறாள். பின்னர் அதைக் கையில் வாங்கிய ராமன், இது தன் மாமனார் சீதைக்குத் தந்தது, திருமணத்தின்போது அவள் தலையில் கட்டியிருக்க மிகவும் ஒளிர்ந்தது, நீரில் பிறந்த இந்த மணியை வேள்வியில் மகிழ்ந்த இந்திரன் ஜனகருக்குக் கொடுத்தான் என்றெல்லாம் நினைவுகூர்கிறான். அங்கே வரும் சொல் 'மூர்த்னி', அதாவது தலையில். கம்பனும் சூடாமணிப் படலத்தில் 'சூடையின் மணி' என்றே சொல்கிறான்.

அதன் வடிவத்தைப் பற்றி வால்மீகி ஒரே ஒரு குறிப்புத் தருகிறார். அனுமன் அதை வாங்கியதும் விரலில் செருகிக்கொண்டான், புயத்துக்கு அது போதவில்லை. ஆகவே முடியில் கோத்துக் கட்டுவதற்கான ஒரு வளையமோ துளையோ அதில் இருந்திருக்க வேண்டும். நாட்காட்டிப் படங்களில் சீதை நெற்றிச்சுட்டியைக் கழற்றிக் கொடுப்பதுபோல் வரைந்திருப்பார்கள். அது ஓவியரின் உரிமை, நூலின் சொல் அல்ல.

அப்படியானால் ராமாயணத்தில் சீதையின் நெற்றியைப் பற்றி எதுவுமே இல்லையா?

நெற்றித் திலகம் அழிந்துபோனதைப் பற்றி இருக்கிறது. அதே சுந்தர காண்டத்தில் விடை கொடுக்கும்போது சீதை ராமனுக்கு மட்டுமே தெரிந்த ஓர் அடையாளத்தைச் சொல்லி அனுப்புகிறாள்: என் திலகம் அழிந்தபோது நீங்கள் மனச்சிலையால் என் கன்னத்தின் ஓரத்தில் ஒரு திலகம் வைத்தீர்களே, அதை நினைத்துப் பாருங்கள். மனச்சிலை மலைப்பகுதிகளில் கிடைக்கும் செந்நிறத் தாது. காட்டில் நகையும் இல்லை, சாந்தும் இல்லை. கைக்கு அகப்பட்ட கல்லை உரைத்து இட்டிருக்கிறான்.

இதில் கவனிக்க வேண்டியது 'கண்ட பார்ச்வே' என்ற சொல், அதாவது கன்னத்தின் பக்கத்தில். திலகம் நெற்றிக்கு மட்டுமே உரியது என்ற நம் எண்ணம் இங்கே செல்லாது.

பார்வதி கல்யாணத்தில் மேனை வைத்தது குங்குமப் பொட்டுத்தானே?

அல்ல. குமாரசம்பவம் ஏழாம் சர்க்கத்தில் காளிதாசன் பொருளின் பெயரைத் தெளிவாகவே சொல்கிறான்: ஈரமான ஹரிதாலமும் மனச்சிலையும். ஹரிதாலம் தமிழில் அரிதாரம், மஞ்சள் நிறத் தாது, மனச்சிலை சிவப்பு. தாய் இரண்டு விரல்களால் அவற்றை எடுக்கிறாள். காதுகளில் தந்தத்தால் ஆன வெண்மையான ஓலைகள் தொங்கும் மகளின் முகத்தை மேலே தூக்குகிறாள். மகள் பருவம் அடையத் தொடங்கிய நாளிலிருந்து தன் மனத்துக்குள் வளர்ந்துவந்த ஆசை எதுவோ, அதையே 'எப்படியோ' திருமணத் திலகமாக இட்டாள் என்கிறது பாட்டு. அந்த 'கதஞ்சித்' என்ற ஒரு சொல்லில் கை நடுக்கம் தெரிகிறது. அடுத்த பாட்டில் காரணமும் வெளிப்படுகிறது: கண்ணீர் மறைத்ததால் காப்புக் கயிற்றை மேனை இடம் தவறிக் கட்டுகிறாள், செவிலித்தாய் விரல்களால் அதை நகர்த்திச் சரியான இடத்தில் வைக்கிறாள்.

இன்னொன்று: சமஸ்கிருதக் காவியங்களில் குங்குமம் என்று வந்தால் அது குங்குமப்பூ. அமரகோசம் அதற்குக் காஷ்மீரஜன்மம், அக்னிசிகம் என்ற பெயர்களைத் தருகிறது. காஷ்மீரத்தில் பிறந்தது, தீக்கொழுந்து போன்றது. மஞ்சளைப் பதப்படுத்திச் செய்யும் நம் வீட்டுக் குங்குமத்தை அந்த வரிகளில் ஏற்றிப் படித்தால் நிறமும் மணமும் இரண்டுமே தவறிப்போகும்.

சிவனுக்கு யார் திலகம் வைத்தார்கள்?

யாரும் வைக்கவில்லை. அதே சர்க்கத்தில் அவனுடைய நெற்றிக் கண்ணே ஹரிதாலத் திலகத்தின் வேலையைச் செய்துகொண்டது; அதன் நடுவில் உள்ள பொன்னிறப் பாவை மஞ்சள் நிறத்தையும் தந்துவிட்டது. முடியில் பிறை இருக்கும்போது வேறு சூடாமணி எதற்கு என்றும் காளிதாசன் கேட்கிறான். மாப்பிள்ளை அழைப்புக்கு உரிய ஒவ்வொரு பொருளுக்கும் சிவனிடம் ஏற்கெனவே ஒரு மாற்று இருக்கிறது என்ற வேடிக்கை அந்தப் பகுதி முழுவதும் ஓடுகிறது.

அந்தக் காலத்தில் ஒட்டுப்பொட்டு உண்டா?

உண்டு என்றே சொல்லலாம். காமசூத்திரம் அடுக்கும் 64 கலைகளில் 'விசேஷக சேத்யம்' ஒன்று. விசேஷகம் என்பது திலகத்தின் மறுபெயர் என்று மேலே பார்த்தோம். சேத்யம் என்றால் வெட்டுவது. ஜயமங்கலா என்ற உரையில் யசோதரர் இதை விளக்கும்போது, நெற்றியில் வைக்கும் திலகத்துக்காகப் பூர்ஜம் முதலிய இலைகளைப் பலவித வடிவங்களில் நறுக்குவது என்கிறார். பூர்ஜம் இமயமலைப் பகுதி மரம். காகிதம் போல் உரிந்து வரும் அதன் பட்டையில்தான் ஏடுகளும் எழுதினார்கள். எழுதுவதற்கு உரித்ததில் ஒரு துண்டு நெற்றிக்கும் போயிருக்கிறது.

தமாலபத்ரம் என்ற பெயரே திலகத்துக்கு வழங்குவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். தமால இலையை வெட்டி வைத்ததாலோ, இலை வடிவில் எழுதியதாலோ வந்த பெயர் அது. எதுவாக இருந்தாலும் இலைக்கும் நெற்றிக்கும் உள்ள உறவு பழையது.

ஆண்கள் நெற்றியில் அணி அணிந்தார்களா, அல்லது இதெல்லாம் பெண்களுக்கு மட்டுமா?

அணிந்தார்கள், அரச குலத்தில் அதுதான் அதிகாரத்தின் அடையாளமே. அதன் பெயர் பட்டம். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தம் பிருகத்சம்ஹிதையில் பட்டத்தின் இலக்கணத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். நடுப்பகுதியின் அகலம் அரசனுக்கு 8 விரற்கடை, பட்டத்தரசிக்கு 7, இளவரசனுக்கு 6, படைத்தலைவனுக்கு 4. அரசன் மகிழ்ந்து யாருக்கேனும் கொடுக்கும் பிரசாத பட்டம் 2 விரற்கடைதான். நீளம் அகலத்தைப் போல் இருமடங்கு. இரு ஓரங்களின் அகலம் நடுவில் பாதி. எல்லாம் பசும்பொன்னால் ஆனவை. அரசனின் பட்டத்தில் 5 சிகைகள், அதாவது மேலே எழும் முனைகள், அரசிக்கும் இளவரசனுக்கும் 3, படைத்தலைவனுக்கு 1, பிரசாத பட்டத்துக்குச் சிகையே கிடையாது.

விரற்கடை ஒன்றை ஏறக்குறைய 2 செ.மீ. என்று கொண்டால் அரசனின் பட்டம் நடுவில் 16 செ.மீ. வரை வரும். எந்த நெற்றியும் அவ்வளவு உயரம் இல்லை; ஆகவே நெற்றியில் தொடங்கித் தலைக்கு மேல் எழுந்து நிற்கும் தகடாகவே அதைக் கற்பனை செய்ய வேண்டும். தட்டானின் பட்டறையையும் வராகமிகிரர் விடவில்லை: அடிக்கும்போது தகடு தடையின்றி விரிந்தால் அரசனுக்கு வெற்றியும் வளர்ச்சியும், நடுவில் வடு விழுந்தால் உயிருக்கும் அரசுக்கும் கேடு, நடுவில் வெடித்தால் அதைத் தள்ளிவிட வேண்டும், ஓரங்களில் வெடித்தால் இடையூறு வரும். சோதிடர் சொல்லும் சகுனம் என்று நகைத்து ஒதுக்கிவிடலாம். ஆனால் பொன்னின் தூய்மைக்கும் தட்டானின் கைக்கும் இதைவிடக் கண்டிப்பான சோதனை இருந்திருக்க முடியாது. தமிழில் முடிசூட்டுவதைப் பட்டம் கட்டுதல் என்று சொல்வதும், கோயில் யானையின் நெற்றிப்பட்டமும் இந்தத் தகட்டின் சுற்றத்தைச் சேர்ந்தவை.

பட்டம் கட்டிய நெற்றியில் திலகமும் வைப்பார்களா?

வைப்பார்கள். ரகுவம்சம் 18ஆம் சர்க்கத்தில் ஆறு வயதில் அரியணை ஏறிய சுதர்சனனை, பொற்பட்டம் கட்டிய நெற்றியில் திலகம் தாங்கியவன் என்று காளிதாசன் காட்டுகிறான். அதோடு நிற்கவில்லை: பகைவரின் மனைவியருடைய முகங்களை அந்தத் திலகம் இல்லாதவையாக அவன் சிரித்த முகத்தோடு செய்தான் என்று முடிக்கிறான். கணவர் போரில் மாண்டதால் அவர்களின் நெற்றி வெறுமையாயிற்று என்பது பொருள். அரசர்களைப் புகழும் பாட்டுகளில் பகைவர் மனைவியரின் அழிந்த திலகமும் அவிழ்ந்த கூந்தலும் கணக்கின்றி வரும். ஆறு வயதுக் குழந்தையின் புன்னகையோடு அதைச் சேர்த்தது காளிதாசன் செய்த வேலை. படிக்கும்போது இனிமையும் கொடுமையும் பிரிக்க முடியாமல் வந்து நிற்கின்றன.

அசுவத்தாமன் நெற்றியிலும் ஒரு மணி இருந்ததல்லவா?

மகாபாரதம் சௌப்திக பருவத்தில் அந்த மணி அவன் 'சிரசில்' இருப்பதாகவே வியாசர் சொல்கிறார். நெற்றி என்பது பிற்காலப் படங்களும் நாடகங்களும் தந்த இடம். அது பிறவியிலேயே உடன் வந்த மணி, அணிகலன் அல்ல. ஆனால் கதையின் முடிவில் அணிகலன் ஆகிவிடுகிறது: பீமன் அதைத் திரௌபதியிடம் கொடுக்க, அவள் சொன்னபடி யுதிஷ்டிரர் தம் தலையில் அணிகிறார்.

வகிட்டிலிருந்து நெற்றியில் தொங்கும் நகைக்கு இலக்கியத்தில் எங்காவது சான்று இருக்கிறதா?

இருக்கிறது. பாணபட்டரின் ஹர்ஷசரிதம் முதல் உச்சுவாசத்தில் (அத்தியாயத்தில்) மாலதி என்ற பெண் வரும்போது 'சடுலா திலக மணி' என்று ஒன்றை வர்ணிக்கிறார். அது வகிட்டை முத்தமிட்டு நெற்றியில் கூத்தாடுகிறது; அதிலிருந்து மேலே எழும் ஒளிக்கற்றை அவள் தலையில் செந்நிறத் துகிலால் முக்காடு போட்டதுபோல் இருக்கிறது. மேல் நுனி வகிட்டில், கீழ் நுனி நெற்றியில், நடக்கும்போது அசைவது, சிவப்புக் கல் உடையது என்ற நான்கு செய்திகளும் அந்த ஒரு தொடரில் கிடைக்கின்றன. நம் சுட்டியின் நடுத் தொங்கலுக்கு இதைவிடத் தெளிவான வர்ணனையை நான் படித்ததில்லை. திலகம் இங்கே நகை என்பதற்கு அது 'கூத்தாடுகிறது' என்ற வினையே சாட்சி.

வகிட்டில் நகைதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மேகதூதத்தில் அளகாபுரிப் பெண்கள் வகிட்டில் அணிவது மேகம் வந்தவுடன் மலரும் கடம்பம். சௌந்தர்யலஹரியின் 44ஆம் சுலோகத்தில் தேவியின் வகிட்டில் சிந்தூரம் இருக்கிறது. கூந்தல் என்னும் இருட்டுப் பகைவர் கூட்டம் சிறைப்பிடித்து வைத்த இளஞ்சூரியக் கதிர் என்று அதை வர்ணிக்கிறது.

'கஸ்தூரி திலகம் லலாட பலகே' என்று பாடுகிறோம். கஸ்தூரி கறுப்பாயிற்றே, அதில் என்ன அழகு?

நிலவில் களங்கம் இருக்கிறதே, அந்த அழகு. லலிதா சஹஸ்ரநாமத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு நாமங்களைப் பாருங்கள். முதலாவது, அவள் நெற்றி எட்டாம் நாள் நிலவு போல் ஒளிர்கிறது என்கிறது. அடுத்தது 'முகசந்த்ர களங்காப ம்ருகநாபி விசேஷகா': முகமாகிய நிலவில் களங்கம் போல் கஸ்தூரித் திலகம் உடையவள். கஸ்தூரி மானிலிருந்து கிடைப்பது. சமஸ்கிருதக் கவிகள் நிலவின் களங்கத்தையும் மான் என்பார்கள். முகத்தில் வந்திருப்பதும் மான், நிலவில் இருப்பதும் மான் என்று உவமை இரண்டு பக்கமும் பொருந்திவிடுகிறது. மஞ்சள் அரிதாரத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது.

12ஆம் நூற்றாண்டில் ஜயதேவர் கீதகோவிந்தத்தின் கடைசி அஷ்டபதியில் இதையே ராதையின் வாயில் வைக்கிறார். கூடல் முடிந்து வியர்வை அடங்கிய நெற்றியைக் காட்டி, இந்த நிலவில் கஸ்தூரிக் குழம்பால் களங்கத்தின் கலை போல் ஒரு திலகம் எழுது என்று அவள் கண்ணனிடம் சொல்கிறாள். சீதையின் கன்னத்தில் ராமன் மனச்சிலை வைத்ததைப் போலவே இங்கும் திலகம் இடுவது காதலனின் கை.

திலக மரத்தையும் நெற்றித் திலகத்தையும் கவிகள் வேண்டுமென்றே குழப்புகிறார்களா?

வேண்டுமென்றேதான். குமாரசம்பவம் மூன்றாம் சர்க்கத்தில் வசந்தலட்சுமி தன் முகத்தில் திலகம் தீட்டிக்கொள்கிறாள். திலகம் பூ, அதில் மொய்த்த வண்டுகள் மைக்கோலம், மாந்தளிர் உதடு. ரகுவம்சம் ஒன்பதாம் சர்க்கத்தில் மைப்புள்ளி போன்ற வண்டுகள் படிந்த திலக மரம் காட்டை அழகு செய்தது, திலகம் பெண்ணை அழகு செய்வதுபோல, என்று ஒரே சொல்லை அடுத்தடுத்து வைத்து விளையாடுகிறான் காளிதாசன். மாளவிகாக்னிமித்திரத்திலும் இதே வண்டும் இதே மையும் வருகின்றன. மூன்று நூல்களிலும் திரும்பி வருவதைப் பார்த்தால் அவனுக்கு இந்த விளையாட்டில் தனிப் பிரியம் இருந்திருக்கிறது.

'ரகுகுல திலகம்', 'லலாமம்' என்றெல்லாம் ஆட்களைச் சொல்கிறார்களே, அதுவும் நெற்றி அணிதானா?

ஆம். முகத்தில் கண் முதலில் போய் நிற்கும் இடம் நெற்றி. குலத்தில் முதலில் தெரிகிறவன் குல திலகம். லலாமம் அதைவிடச் சுவையான சொல். வேத வழக்கில் நெற்றியில் வெள்ளைச் சுட்டி உடைய விலங்கைக் குறித்தது. அமரகோசம் அதற்கு வால், நெற்றிக் குறி, குதிரை, அணி, தலைமை, கொடி என்ற பொருள்களை ஒரே அடியில் அடுக்குகிறது. ரகுவம்சத்தில் இந்துமதி 'கன்யா லலாமம்', கன்னியருள் சிறந்தவள். சமணக் கவி மானதுங்கரின் பக்தாமர ஸ்தோத்திரத்தில் ஜினர் மூவுலகுக்கும் ஒரே லலாமம். குதிரையின் நெற்றிச் சுட்டியில் தொடங்கிய சொல் தீர்த்தங்கரர் வரை வந்திருக்கிறது.

திருநீறும் நாமமும் இந்தக் கணக்கில் சேருமா?

சேராது. அவை புண்டரம், சமயக் குறி. காலாக்னிருத்ர உபநிடதம் போன்ற நூல்கள் திரிபுண்டரத்தை இடும் முறையையும் பயனையும் பேசுகின்றனவே தவிர அழகை அல்ல. அணியாகப் பேசப்படும் திலகம் வேறு நூல்களின் பொருள்.

தமிழில் திலகம் எப்போது வந்தது? நம் பழைய நூல்களில் நெற்றி அணிகள் இருக்கின்றனவா?

திருமுருகாற்றுப்படை தெய்வப் பெண்களாகிய சூரர மகளிரை வர்ணிக்கும்போது 'திலகம் தைஇய தேங்கமழ் திருநுதல்' என்கிறது. அதற்கு முந்திய அடியில் தெய்வ உத்தியும் வலம்புரியும், அடுத்த அடியில் சுறாவாய் வடிவ அணியாகிய மகரப் பகுவாயும் வருகின்றன. இவை தலைக்கோல அணிகள். சிலப்பதிகாரம் கடலாடு காதையில் மாதவியின் தலைக்கு அணியாகத் தெய்வ உத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் ஆகியவற்றைச் சொல்கிறது. நாட்டிய சாஸ்திரப் பட்டியலிலும் மகரிகா என்று ஒரு தலை அணி உண்டு. சுறாவாய் வடிவ அணியை இரண்டு மொழிகளும் அறிந்திருந்தன என்பது வரை உறுதியாகச் சொல்லலாம். யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்று கேட்பவர்களுக்கு, இந்த வரிகள் அதைச் சொல்லவில்லை என்பதே என் பதில்.

பார்வதி கல்யாணம் நாட்டிய நாடகம் போடுகிறோம். காவியத்தில் உள்ளபடியே நெற்றி ஒப்பனை செய்ய என்ன வேண்டும்?

பார்வதிக்கு மஞ்சளும் சிவப்பும் கலந்த திலகம்; அதைத் தாய் வேடம் போடுகிறவர் மேடையிலேயே இரண்டு விரல்களால் இடட்டும், முகவாயைத் தூக்கும் அபிநயம் பாட்டிலேயே இருக்கிறது. காதில் வெள்ளை ஓலை. அரிதாரமும் மனச்சிலையும் பாஷாணம் கலந்த நச்சுத் தாதுக்கள். அசலைத் தேடிப் போகாமல் சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொள்ளுங்கள். கல் வைத்த சுட்டி கட்டித்தான் ஆக வேண்டும் என்று அரங்க வழக்கம் கேட்டால் கட்டலாம், ஆனால் திலகத்தை மறைக்காத சிறிய சுட்டியாக இருக்கட்டும். அந்தக் காட்சி திலகத்தின் மேல்தான் நிற்கிறது.

சிவனுக்குத் தனியாகத் திலகம் வேண்டாம், காரணத்தை மேலே சொல்லியிருக்கிறேன். நெற்றிக் கண்ணை வழக்கமான சிவப்பில் எழுதாமல் நடுவில் மஞ்சள் தெரியும்படி எழுதினால் காளிதாசனைப் படித்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.